கையில் காசு குறைவு, முதல் கம்ப்யூட்டர் வேண்டும்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

அம்பாசமுத்திரத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வாங்கும் முன்னால் கடைக்கு வந்து யோசனை கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதிலை எழுதியே வைத்துவிட்டேன். 'சிபியு' என்று நான் எழுதுவது மேசையோரம் நிற்கும் முழுப் பெட்டியை. கடைகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சில்லை பிராசஸர் என்றே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, அதே காசுக்கு ஒரு லேப்டாப் வாங்கிவிடலாமே?

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளை என்றால் லேப்டாப்தான் சரி. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து புரோகிராமிங், டிசைன், வீடியோ எடிட்டிங் பழக வேண்டும் என்றால் டெஸ்க்டாப். வேகம் மட்டும் காரணம் இல்லை. டெஸ்க்டாப்பில் எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இன்றைக்கு 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) போட்டுவிட்டு, தீபாவளிக்கு இன்னொரு 8 சேர்க்கலாம். சீட்டு விழும்போது மானிட்டரை மாற்றலாம். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற வீட்டுக்கு இதுதான் தோது.

25,000 ரூபாய்தான் இருக்கிறது. முடியுமா?

மானிட்டர், கீபோர்டு உட்பட அத்தனையும் புதிதாக என்றால் முடியாது. 2025 நடுப்பகுதி வரை, மானிட்டர் இல்லாமல் சிபியு மட்டும் என்றால் அந்தக் காசை ஒட்டி நல்லதாகவே செய்ய முடிந்தது. அந்த வருடக் கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்தது. ஏஐ சர்வர்களுக்காக மெமரி சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள், அதனால் நம் கைக்கு வரும் ராம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) இரண்டுமே விலை கூடிவிட்டன.

ஆகவே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் பெட்டி. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, மானிட்டரையும் ராமையும் செகண்ட் ஹேண்டில் எடுத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக வாங்குவது. ராம் லேசில் கெடுகிற சாமான் இல்லை. வாங்கிவந்த அன்றே மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இல்லையென்றால் நம்பலாம். பழைய மானிட்டர் எடுக்கும்போது எச்டிஎம்ஐ பாயிண்ட் இருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள்.

எதில் காசைக் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது?

குறைக்கக் கூடாதது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை மாற்றி உள்ளே எல்லாச் சாமானுக்கும் கொடுக்கும் பெட்டி. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2014இல் ஒரு சாயங்காலம் என் கடையில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. கேபினெட்டோடு (வெளிக்கூடு) சேர்த்துக் கொடுத்த மலிவு எஸ்எம்பிஎஸ் அது. தான் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, மதர்போர்டையும் (எல்லாச் சாமானும் சொருகும் பலகை) ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் ஆவணி முகூர்த்தத்துக்கான கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. பதினோரு வீட்டுப் பத்திரிகைகளை, சொந்தக்காரர் பெயர் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் செய்தேன்.

நல்லதை எப்படிக் கண்டுபிடிக்க? எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிதாக '450 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். 12 வோல்ட் என்று இருக்கும் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். அது நியாயமான 450 வாட் எஸ்எம்பிஎஸ். 16 ஆம்பியர்தான் என்றால் 192 வாட். மேலே என்ன எழுதியிருந்தாலும் அது அவ்வளவுதான் தாங்கும், ஏனென்றால் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் (மானிட்டரில் படம் காட்டுகிற கார்டு) இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அடுத்தது, உள்ளே வரும் வோல்டேஜ். '100–240' என்று போட்டிருப்பதையே எடுங்கள். பம்ப்செட் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளில் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்குவதை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்திலும் இந்த வகை அசையாமல் ஓடும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம், கரண்டை அதிகம் வீணாக்காததற்கான தரம்) முத்திரை உள்ள 450 வாட், முதல் கம்ப்யூட்டருக்குப் போதும்.

பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 115இல் இருந்து நீங்கள் நம் வீட்டு பிளக்கில் சொருகினால் அந்த நிமிடமே வெடிக்கும். பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

குறைக்க வேண்டியது கேபினெட்டில். கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் ஒரு வேலையையும் வேகமாக்காது. முன்பக்கம் காற்று போக ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீபோர்டு, மவுஸ் எது கிடைத்தாலும் சரி.

என்ன பிராசஸர் போடலாம்?

கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர். ஏஎம்டி கம்பெனி என்றால் ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்தது, ஆறு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் ஆறு பகுதி). உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அதன் விலைக்கு நல்லதாக இருப்பதால் சின்ன விளையாட்டுகளையும் ஓட்டும். இன்டெல் என்றால் ஐ3-12100. 2022இல் வந்தது, நான்கு கோர்தான், ஆனால் ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும் தாராளம். எச்610 மதர்போர்டில் போட்டால் நாளைக்கு 13, 14ஆம் தலைமுறை பிராசஸரும் அதில் உட்காரும். பழைய டிடிஆர்4 ராம் (டிடிஆர்5க்கு முந்திய வகை) கைவசம் இருந்தால் போர்டும் டிடிஆர்4 வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்5 சொருகும் இடத்தில் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் சொருக முடியாது.

பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் அதை வாங்கினால் மானிட்டரில் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் காசு மிச்சம் என்று அதை வாங்கிவந்து முழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

'ஐ7 சிபியு, பத்தாயிரம்தான்' என்கிறார்களே?

எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். அநேகமாக ஐ7-2600 ஆக இருக்கும். அது 2011இல் வந்தது. மேலே சொன்ன ஐ3-12100 அதைவிட எல்லா வேலையிலும் வேகம், கரண்டும் குறைவு. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்து வரிசை மட்டும்தான். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 2600 என்றால் 2ஆம் தலைமுறை, 12100 என்றால் 12ஆம் தலைமுறை.

பழைய ஆபீஸ் பெட்டி வாங்கலாமா?

வாங்கலாம். காசு ரொம்ப முடையாக இருந்தால் அதுதான் என் முதல் யோசனை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடுபவை. நல்ல உறுதியான பெட்டிகள். ஒரே நிபந்தனை: இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி 8ஆம் தலைமுறையிலிருந்துதான். ஐ5-8500 கிடைத்தால் ஆறு கோர், எடுத்துவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு. இவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும். கெட்டால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே பொருந்தாது.

ராம் ஒன்றா, இரண்டா?

இரண்டு எட்டு, ஒரு பதினாறைவிட நல்லது. உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர் தன் வேலைக்கும் இதே ராமைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழியாகப் போய்வரும், விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இப்போதைய விலையில் ஒரு எட்டு மட்டும் போட்டு ஆரம்பித்தாலும் தப்பில்லை. சொருகும் இடம் இன்னொன்று காலியாக இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க் போதாதா?

விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள். 256 ஜிபியாக இருந்தாலும் எஸ்எஸ்டி வேண்டும். படம், பாட்டு வைக்க பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கூடவே மாட்டிக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டு?

இப்போது வேண்டாம். எஸ்எம்பிஎஸ் நல்லதாகப் போட்டிருந்தால் அடுத்த வருடம் எப்போது வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம்.

எங்கே வாங்க? நெல்லையிலா, ஆன்லைனிலா, சென்னை ரிச்சி தெருவிலா?

மூன்றிலும் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சிபியுவுக்காக நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி ரிச்சி தெரு போனால் மிச்சம் பிடித்தது டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். வேறு வேலையாகச் சென்னை போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். பிராசஸர், எஸ்எஸ்டி போன்ற சின்னச் சாமான்களை ஆன்லைனில் விலை பார்த்து வைத்துக்கொண்டு, வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, ஜங்ஷன் என்று ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு மூன்று கடையில் கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் ஐந்நூறு கூடினாலும் உள்ளூரிலேயே எடுங்கள் என்பேன். கெட்டுப்போனால் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனி வரியில், சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு 'அசெம்பிள்டு பிசி – 1' என்று ஒரே வரியில் பில் போட்டுக் கொடுத்தார்கள். பதினான்காவது மாதம் ஹார்ட் டிஸ்க் போனது. வாரண்டி இருந்தும் பில்லில் நம்பர் இல்லை, இது நாங்கள் கொடுத்த டிஸ்க்தானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார்கள். ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தருகிறோம், 18 சதவீதம் மிச்சம் என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தச் சீட்டை வைத்து எந்த சர்வீஸ் சென்டரிலும் பேச முடியாது.

நானே பூட்ட முடியுமா? கை நடுங்குகிறது.

முடியும். போன வருடம் முக்கூடலில் முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண் தானே பூட்டினாள், நான் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோடு சரி. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஸ்குரூ எல்லாம் உருண்டு போய்விடும் என்று தன் சொளவை (முறம்) புகையிலைத் தூள் போகத் தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கேபினெட் ஸ்குரூ ஒரு மூலையில், மதர்போர்டு ஸ்குரூ ஒரு மூலையில், எஸ்எஸ்டிக்கான குட்டி ஸ்குரூ நடுவில் ஒரு தாளுக்கு மேலே. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல தட்டு கிடையாது.

முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், உடம்பில் சேர்ந்திருக்கும் ஸ்டாட்டிக் கரண்ட் இறங்கிவிடும். போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து பிராசஸர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் மாட்டுங்கள். ரைசனில் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். போர்டிலும் அதே முக்கோணம் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். அமுக்கவே கூடாது, கம்பி வளைந்தால் போச்சு. ராம் இதற்கு நேர்மாறு. அந்தப் பெண் மெதுவாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் அமுக்கு என்றேன். போர்டே வளைகிறதே என்று பயந்தாள். இரண்டு பெருவிரலையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கியதும் 'கடக்' என்று ஓரக்கொக்கி தானே மூடியது. அந்தச் சத்தம் கேட்கும்வரை ராம் உட்காரவில்லை என்றே அர்த்தம்.

ரைசனோடு வரும் கூலரை (பிராசஸரின் சூட்டை இறக்கும் ஃபேன்) மாட்டும்போது, போர்டில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். அப்போது அடியில் இருக்கும் பின்தகடு கழன்று விழும். ஒரு கையை அடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கூலரின் அடியில் சாம்பல் நிறப் பசை முன்னமே தடவி வரும், அதைத் தொட வேண்டாம்.

போர்டைக் கேபினெட்டுக்குள் வைக்கும் முன்னால், யுஎஸ்பி, எச்டிஎம்ஐ பாயிண்டுகளுக்கு ஓட்டை விட்டு வரும் பின்பக்கத் தகட்டைக் கேபினெட்டில் மாட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். எல்லாரும் மறப்பது அதைத்தான். மறந்தால் முழுவதும் கழற்றித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

ஆன் செய்தேன், ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை!

பதற வேண்டாம். இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், முதல் தடவை ராமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். அப்புறமும் வரவில்லையென்றால் கரண்டை அணைத்து ராமைக் கழற்றித் திரும்ப அமுக்குங்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை அதிலேயே சரியாகியிருக்கின்றன. அடுத்தது, பிராசஸருக்குத் தனியாகப் போகும் நாலு அல்லது எட்டு பின் வயர். போர்டின் மேல் மூலையில் இருக்கும், கைக்கு எட்டாத இடம் என்பதால் விட்டுப்போகும். அதற்கும் வராவிட்டால் கடையில் கேட்க வேண்டியது: இந்த போர்டின் பயோஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இந்த பிராசஸரை அறியுமா? போர்டு பிராசஸருக்கு முந்திய சரக்காக இருந்தால் பயோஸை அப்டேட் செய்துதான் தர வேண்டும்.

சிபியுவைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, சாமான் கெட்டுவிட்டதா?

சாமான் கெடவில்லை. உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் கேபினெட்டின் இரும்போடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் இரும்புப் பெட்டி வீட்டு வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்கிறது. ஆனால் உள்ளே வேறு பழுது வந்தால் அதே பெட்டி ஆளைக் கொல்லும்.

பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் பாயிண்டில் சொருகுவதையும், எர்த்தை நியூட்ரலோடு கட்டுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். தண்ணீர்ப் பைப்பில் கட்டுவதும் ஆகாது, இப்போதைய பைப் பிளாஸ்டிக். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்குக் குழி போடச் சொல்லுங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரி மணல் (செம்மணல் மேடு) காய்ந்து கிடக்கும், அங்கே எர்த் எளிதில் பிடிக்காது. குழியை ஆழமாகப் போட்டு, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பட்ஜெட்டில் இந்தச் செலவையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் கட்டாயமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்று ஒரு ஸ்விட்ச் நிலை இருந்தால் அதில் வையுங்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணையாது. இல்லாவிட்டால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். பிரிண்டரை அதில் சொருகாதீர்கள்.

ஐப்பசி இடிக்கு என்ன செய்ய?

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவுங்கள். இடி இறங்கினால் ஸ்விட்சின் இடைவெளியைத் தாண்டிவிடும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் உருவுங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராதுதான், ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் வயரில் ஏறி மதர்போர்டுக்குப் போகும்.

சிபியுவைத் தரையில் வைக்கலாமா?

வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது தரையில் இருந்த சிபியுக்கள்தான் முதலில் போயின. சகதியோடு என்னிடம் கொண்டுவந்தவற்றில் ஒருசிலவே பிழைத்தன. தரையில் வைத்தால் தூசியும் அதிகம். ஆனி, ஆடிக் காற்றுக்குப் பிறகு ஒருமுறை கழற்றி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரம் என்றால் ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், உப்புக்காற்றில் சொருகுமிடமெல்லாம் பச்சை பிடிக்கும்.

விண்டோஸுக்குக் காசு இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், கூடவே எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸும் வரும். விண்டோஸைக் காசில்லாமல் 'ஆக்டிவேட்' செய்து தருகிறேன் என்று யாராவது ஏதோ ஃபைலை ஓடவிட்டால் அதனோடு என்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாடு அரசு 1999இல் கொண்டுவந்த தமிழ்99 கீபோர்டு முறை லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் நேராக அதிலேயே பழகுங்கள்.

வீட்டில் நெட் இல்லை, போன் மட்டும்தான்.

போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வரும். மலிவான போர்டுகளில் வைஃபை இருக்காது.

தம்பி, கரண்ட் பில் எகிறிவிடுமா?

எகிறாது அக்கா. மானிட்டரோடு சேர்த்து 100 வாட் என்று வைத்து, நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்.

வாங்கிவந்த அன்றே செய்ய வேண்டியது ஏதாவது?

பில்லைப் போட்டோ எடுத்துவிடுங்கள். வழவழத் தாளில் சூட்டில் அச்சாகிற பில் ஒரு கோடை தாண்டினால் வெள்ளையாகிவிடும், வாரண்டியோ மூன்று வருடம். சாமான்கள் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர்களையும், பூட்டுவதற்கு முன்னால், வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.